காலஞ்சென்ற

செத்தவரின் 31ஆம் நாளுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கட பக்கம் கல்வெட்டு என்போம். அதை அடிக்கிற வேலையில் எனக்குப் பிடிக்காதது அந்தக் குடும்ப வரிதான். தேவாரம், சிவபுராணம் எல்லாம் பழைய கோப்பிலேயே கிடக்கும். ‘இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அம்மம்மாவும்’ என்று போகிற இடத்தில் ஒரு பெயர் விடுபட்டால் போதும், 31ஆம் நாள் வீட்டில் சண்டை.

அந்த அம்மாவின் விபரங்களைக் கனடாவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் வரிசையில் மூத்தவரின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. அப்படியே போட்டேன்.

புரூப் பார்க்க வந்த ஐயா, அந்த அம்மாவின் கணவர், அந்தச் சொல்லைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு வரியை முதலிலிருந்து வாசித்தார். அப்புறம் சொன்னார்: “இதை எடுங்கோ தம்பி. அவ இருந்தா விடமாட்டா.”

மகன் 1990 இல் காணாமல் போனவர். ஒவ்வொரு வருடமும் அவருடைய நட்சத்திரத்துக்குப் பத்திரகாளி கோவிலில் அந்த அம்மா அர்ச்சனை செய்வாவாம். உயிரோடு இருக்கிறவருக்குத்தானே அர்ச்சனை. 2016 இல் இலங்கையில் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் இல்லாமல் ‘காணவில்லை’ என்றே சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். அதற்கும் அவ போகவில்லையாம்.

நான் சொன்னேன்: “எடுத்தா வரி குழம்பும் ஐயா, பக்கம் முழுக்க மாறும். பிளேட்டும் அடிச்சாச்சு.”

பிளேட் அடிக்கவில்லை.

“சரி தம்பி” என்றார். புரூப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகளிடம் முதல்நாளே கேட்டிருந்தேன். “போடுங்கோ அண்ணா. முப்பது வருஷத்துக்கு மேல எங்கட வீட்டில அந்தச் சொல்லை வாயால சொல்ல ஏலாது. இனியாவது சொல்லவேணும்” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காசு கட்டியவரும் அவர்தான். ஆனால் கல்வெட்டு மகளுடையதா, அம்மாவுடையதா? ‘உங்கட மகள்தான் போடச் சொன்னவ’ என்று ஐயாவிடம் சொல்லியிருக்கலாம். அந்தியேட்டிக் கிரியைக்கு முதல்நாள் அப்பாவையும் மகளையும் மோதவிடக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அப்போது மணி ஆறு. 200 பிரதி அடித்து, மடித்து, பின் அடித்து முடிக்க வேண்டும். அதுவும்தான்.

அந்தியேட்டி திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் நடந்தது. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சொல்லுகிற அதே ஏழு கிணற்றடி. லண்டனிலிருந்து வந்த இளையவர் செய்தாராம். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை.

ஐயா பிறகு கடைப்பக்கம் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லைதான்.

போன மாதம் வேறொரு கல்வெட்டுக்காக அந்தக் கோப்பைத் திறந்தேன். சும்மா அந்தச் சொல்லை அழித்துப் பார்த்தேன். பின்னால் இருந்த பெயர் மேலே ஏறி உட்கார்ந்தது. ஒரு வரிகூடக் குழம்பவில்லை. சேமிக்காமல் மூடிவிட்டேன்.