மூன்று விரல் உப்பு

போன வாரம் மகளுக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டைக் கரைக்கும்போது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஞாபகம் வந்தது.

1971. வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்க எல்லையில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்தார் அவர். அவர் முகாமில் 30 சதவீதம் வரை இருந்த சாவு 4க்குக் கீழே இறங்கியது. சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பை உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்ததுதான். 1980இல் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு, தாய்மாருக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுக்கப் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. பாக்கெட் எல்லாம் இல்லை. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீர். பிறகு வேறொருவர் போய் அந்தத் தாய்மாரிடம் செய்முறையைக் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் கூலி! (நம்மூர் டியூஷனுக்கும் இப்படி வைத்தால் என்ன?) பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

"வயித்தைக் காயப்போடு" என்றார் அம்மா. வேண்டாம்மா, பேதியின்போது சாப்பாட்டை நிறுத்தினால்தான் பிள்ளை இன்னும் இளைக்கும், அடுத்த பேதி இன்னும் சுலபமாகப் பிடிக்கும் என்றேன். முறைத்தார். அப்புறம் அவரே தயிர்சாதம் பிசைந்து ஊட்டினார்.