அரை வாளித் தண்ணீர்

அதிகாலையில் அம்மாவின் அறையில், சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஏசி நின்றுபோயிருந்தது. அதற்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதற்கான சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

அடியிலிருந்த ரப்பர் மூடியைத் திறந்தேன். ஒரே இரவில் அரை வாளித் தண்ணீர்! குளச்சல் கடல் கூப்பிடு தூரம்தான். காற்றில் அத்தனை ஈரம்.

வடிகட்டியைக் கழற்றினால், தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. விரலால் உரித்தபோது தாளாகவே வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவியிருக்க வேண்டும்.

சூடான காற்று வெளியேறும் குழாய்க்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. வெளி வெக்கை அவ்வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. பழைய வேட்டித் துணியை வைத்து அடைத்தேன்.

ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தக் கூரை இரவில் அம்மாவின் தலைமேல் இறக்குகிறது.

வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வந்தேன். அம்மா போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.