நோடைக் கழற்றினால் லீக் தெரியும்: "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" அனுபவம்

கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரான ஹெச்ஏப்ராக்ஸிக்குப் பின்னால் மூன்று நோடுகள் (சர்வர்கள்), மூன்றிலும் ஒரே ஜாவா சர்வீஸ். லாகில் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" வரும். ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள், சாக்கெட்டுகள் (நெட்வொர்க் இணைப்பு முனைகள்) வரம்பைத் தொட்டுவிட்டன என்று பொருள். திறந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்டர்) எண் செலவாகும், மூடாமல் விட்டால் அது திரும்பாது. அதுதான் லீக். ரீஸ்டார்ட் செய்தால் அடங்கும், பிறகு வேறொரு நோடில் தலைதூக்கும்.

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ப்ராசஸ் போனால் தடயமும் போச்சு. ப்ரலிமிட் கமாண்டால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் நோஃபைல் (திறந்த ஃபைல் எண்ணிக்கை) வரம்பையே ஏற்றிவிடலாம், ஆராய அவகாசம் கிடைக்கும். லிமிட்ஸ்.கான்ஃபில் 65535 என்று எழுதிவிட்டு ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அது பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பு) வழியாக லாகின் ஆகும் செஷனுக்கு மட்டும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) கிளப்பும் சர்வீஸுக்கு அதன் யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல் வரி வேண்டும். நடப்பு வரம்பை ப்ராக் டைரக்டரி அடியில் அந்த பிஐடியின் (ப்ராசஸ் எண்ணின்) லிமிட்ஸ் ஃபைலில் பாருங்கள். யூலிமிட் காட்டுவது உங்கள் ஷெல்லின் கணக்கு.

எஃப்டி எண்ணிக்கைக்கு எல்எஸ்ஓஎஃப் (திறந்த ஃபைல்களைப் பட்டியலிடும் கமாண்ட்) வரிகளை எண்ணக்கூடாது. மெமரியில் மேப் ஆன ஜார் ஃபைல்களும் லைப்ரரிகளும் அதில் சேர்ந்துவிடும். ப்ராக்கில் உள்ள எஃப்டி டைரக்டரியை எல்எஸ் போட்டு எண்ணுவதுதான் சரியான கணக்கு.

ட்ராஃபிக் ஓடும்போது எது லீக், எது வேலையில் இருக்கும் இணைப்பு என்று பிரிக்க முடியாது. அதனால் எஃப்டி அதிகமுள்ள நோடை ஹெச்ஏப்ராக்ஸியில் ட்ரெயின் நிலைக்கு (புதுப் பயனர்களை அனுப்பாத நிலை) மாற்றினோம். ஸ்டிக்கி குக்கி (ஒரு பயனரை எப்போதும் ஒரே நோடுக்கு அனுப்பும் ஏற்பாடு) இருந்தால் ட்ரெயினிலும் பழைய பயனர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது யாரையும் அனுப்பாத மெயின்ட் நிலைதான் சரி. கீப்அலைவ் (மறுபயன்பாட்டுக்குத் திறந்தே வைத்த) இணைப்புகள் காலாவதியாகும்வரை பொறுத்தால், டேட்டாபேஸ் பூல் (தயாராக வைத்திருக்கும் இணைப்புத் தொகுப்பு), லிஸன் சாக்கெட், லாக் ஃபைல், ஜார்கள் தவிர மிச்சமிருப்பவற்றில்தான் லீக் இருக்கும்.

இங்கே மிச்சமிருந்தவை வரிசையாக சாக்கெட்டுகள். சாக்கெட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டில் க்ளோஸ்-வெயிட் நிலையை மட்டும் வடிகட்டினால், எதிர்முனை எல்லாமே ஒரே உள் சர்வீஸின் முகவரி. எதிர்முனை மூடிவிட்டது, நம் ப்ரோக்ராம் இன்னும் க்ளோஸ் கூப்பிடவில்லை என்பதே இதன் பொருள். இதற்கு கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) டைம்அவுட் கிடையாது. டிசிபி கீப்அலைவைக் குறைத்தாலும் எஃப்டி திரும்பாது. டைம்-வெயிட் (மூடி முடிந்த இணைப்பு சற்று நேரம் காத்திருக்கும் நிலை) குவிந்திருந்தால் பதற வேண்டாம், அது எஃப்டி பிடிப்பதில்லை.

கோடில் பார்த்தால், அந்த உள் சர்வீஸிடமிருந்து 200 (வெற்றி) வந்தால் ரெஸ்பான்ஸைப் படித்து மூடுகிறது. வேறு ஸ்டேட்டஸ் வந்தால் மூடாமலே எக்செப்ஷன் வீசுகிறது. அதாவது அந்தப் பக்கம் எரர் கூடும் நாளில்தான் இங்கே லீக் கூடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஹெச்டிடிபி க்ளையன்ட் உருவாக்கியதும் சேர்ந்துகொண்டது. பொதுவான பூல் இருந்திருந்தால் எஃப்டி தீரும் முன்பே பூல் தீர்ந்து, இணைப்புக்குக் காத்து த்ரெட்கள் தொங்கியிருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்று: ஒரே க்ளையன்ட், ட்ரை-வித்-ரிசோர்ஸஸ் (வேலை முடிந்ததும் தானே மூடும் ஜாவா அமைப்பு). மிச்சத்தில் ஒரே டைரக்டரி திரும்பத் திரும்பத் தெரிந்தால் ஃபைல்ஸ்.லிஸ்ட் ஸ்ட்ரீமை மூடாத இடத்தைத் தேடுங்கள். ஃபைல் பெயரின் பின்னால் டெலிட்டட் என்று வால் இருந்தால் லாக் ரொட்டேஷனை (பழைய லாகை அகற்றிப் புதியதைத் தொடங்குவதை) சந்தேகியுங்கள்.

லோட் பேலன்சர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? எஃப்டி தீர்ந்தபின்னும் டிசிபி ஹேண்ட்ஷேக்கை கெர்னலே முடித்து பேக்லாகில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுவிடும். வெறும் டிசிபி செக் பச்சை காட்டும். ஹெச்டிடிபி செக்குக்கு மாற்றுங்கள். இணைப்பு குறைவான நோடுக்கு அனுப்பும் லீஸ்ட்கான் முறையில் இன்னொரு வம்பு: ஏற்கெனவே திறந்த இணைப்புகளில் உடனுக்குடன் 500 (சர்வர் பிழை) தரும் நோடு சும்மா இருப்பதுபோலத் தெரியும், ட்ராஃபிக் அங்கேயே போய் விழும். அதைக் கழற்றினாலோ சுமை மற்ற இரண்டுக்குப் போய், அவற்றின் லீக்கும் வேகமெடுக்கும். வரம்பை ஏற்றாமல் கழற்றாதீர்கள்.

திருத்திய பில்டை முதலில் ஒரு நோடில் மட்டும் ஏற்றி, மூன்றின் எஃப்டி கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். உச்சத்தை ஒப்பிட்டுப் பயனில்லை, அது ட்ராஃபிக்கோடு ஆடும். நள்ளிரவுப் பள்ளங்களைப் பாருங்கள். பழைய பில்டில் பள்ளம் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் மேலேறும், புதியதில் அதே மட்டத்தில் நிற்க வேண்டும்.