கொட்டேஜ் கட்டுப்படியாகவில்லை, பாவித்த கபின் படகு ஒன்று வாங்கினோம்

ரொறன்ரோவில் கோடை என்பது மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரைதான். அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமை பின்னேரமானால் பாதி நகரமே நெடுஞ்சாலை 400இலும் 404இலும் வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கும் ஏரிக்கரையில் கொட்டேஜ் என்கிற கோடை வீடு ஒன்று வாங்க ஆசை இருந்தது. விலைகளைப் பார்த்த பிறகு ஆசை மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கபின் குரூசர் படகுகளைத் தேடத் தொடங்கினேன். இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய படகு ஒன்று, ஓரளவு நல்ல பாவித்த கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது.

இந்தப் படகுகள் வேகமாக ஓடக் கட்டப்பட்டவை. ஆனால் வேகமாக ஓட்டினால் எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. மெல்லப் போய், ஒரு குடாவில் நங்கூரம் போட்டு, இரவு தங்கித் திரும்புகிற மிதக்கும் அறையாக வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். எதை வாங்குவது, எதை விடுவது, எதற்குக் காசு செலவழிப்பது எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்தேன்.

நீளம் 24 முதல் 26 அடி, அகலம் எட்டரை அடிக்குள். அதைவிட அகலமானால் வீதியில் இழுத்துப் போகத் தனி அனுமதி வேண்டும். ஸீ ரே, பேலைனர், போர் வின்ஸ், கியூபெக்கில் கட்டிய டொரால் என்று 1990களின் படகுகள் இங்கே நிறையவே விற்பனைக்கு வருகின்றன. ஒன்ராறியோப் படகுகளில் பெரும்பாலானவை உப்புத் தண்ணீரையே காணாதவை. கடலில் ஓடிய எஞ்சினின் புகைக்குழாய்ப் பகுதிகள் சில வருடங்களிலேயே துருப்பிடித்து அரித்துப்போகும். நன்னீரில் அவை பல மடங்கு காலம் நிற்கும். புளோரிடாவிலிருந்து வந்த படகு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போனதற்கு இதுதான் காரணம்.

வாங்க நல்ல காலம் செப்ரெம்பர். குளிர்கால நிறுத்துமிடத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நினைப்பு விற்பவருக்கு வரத் தொடங்கியிருக்கும்; படகும் இன்னும் தண்ணீரில்தான் இருக்கும். பெப்ரவரியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிய படகு இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதை ஓட்டிப் பார்க்க முடியாது. அப்படி வாங்குவதென்றால், வசந்தத்தில் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே விற்பனை முடியும் என்று எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரங்களில் எல்லோரும் நேரம் கிடைக்காததால்தான் விற்கிறார்கள். இந்த நாட்டில் ஒருவருக்கும் நேரமில்லை போலிருக்கிறது.

பழைய பைபர்கிளாஸ் படகைக் கொல்வது பைபர்கிளாஸ் இல்லை, அதற்குள் இருக்கிற மரம். எஞ்சின் உள்ளே இருக்க, சுழலியோடு தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற வெளிக்கால் தொங்குகிற பின்சுவருக்குள் பிளைவுட் இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடுகிற சட்டங்களுக்குள்ளும் மரம். மேல்தளத்துக்குள் பல்சா மரத்துண்டுகள். எங்காவது ஒரு ஆணித்துவாரத்தின் பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் வருடக்கணக்காக உக்க வைக்கும்.

என் மனைவியின் மாமா வல்வெட்டித்துறைக்காரர். எந்தப் படகைப் பார்த்தாலும், அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கதையைச் சொல்லாமல் விடமாட்டார். முதல் படகைப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பவர் எஞ்சினைப் புகழ்ந்துகொண்டிருக்க, மாமா பின்பக்கம் போய் ஒரு டொலர் குற்றியால் தட்டிக்கொண்டே வந்தார்.

“தம்பி, சத்தத்தைக் கேள். ணங் எண்டு வந்தால் சரி. டொக் எண்டு வந்தால் உள்ளுக்குப் பலகை செத்துப்போச்சு.”

வெளிக்காலுக்குக் கீழே டொக் என்றுதான் கேட்டது. பின்சுவரில் பூட்டியிருந்த நீச்சல் மேடையின் திருகாணி ஒன்றைக் கழற்றச் சொன்னோம். துவாரத்திலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பின்சுவரை மாற்றுவதென்றால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். கூலி படகின் விலையைத் தாண்டும். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

பிறகு பார்த்த 24 அடிப் படகுக்குத் தொழில்முறைப் பரிசோதகர் ஒருவரை அமர்த்தினேன். அவரும் செய்தது மாமாவின் வேலைதான், கையில் சின்னச் சுத்தியலும் ஈரம் அளக்கும் கருவியும் இருந்தது மட்டும் வித்தியாசம். 600 டொலருக்குக் கொஞ்சம் மேலே எடுத்தார். கூலி கூடத்தான், ஆனால் இவ்வளவு பழைய படகுக்குப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் காப்புறுதி எடுப்பது கஷ்டம், ஆகவே எப்படியும் செலவழிக்க வேண்டிய காசு. பின்சுவரும் சட்டங்களும் காய்ந்து இருந்தன. முன்தளத்தில் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு இடம் மட்டும் ஈரம்.

எஞ்சின் மேர்குரூசர் 5.7 லீற்றர் வி8. முக்கியமான ஒன்று: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்து இருக்க வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் வருத்தமுள்ள எஞ்சின் குளிரில்தான் உண்மை சொல்லும். எட்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தது. வெளிக்காலின் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். இது தெளிவாக இருந்தது. ஏரியில் முழுவேகம் கொடுத்தபோது எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 4,400ஐத் தாண்டி ஏறியது, வெப்பமானி அசையவில்லை.

கேட்ட விலை 15,900 டொலர். முன்தள ஈரத்தைக் காட்டி 13,200க்கு முடித்தோம். தனியாளிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 சதவீத வரி உண்டு, அதைப் பட்ஜெட்டில் மறக்கக் கூடாது. காசு கொடுக்கும் முன் படகின் உடலில் பொறித்த 12 எழுத்து இலக்கத்தையும் விற்பவர் பெயரையும் வைத்து மாகாணப் பிணைப் பதிவேட்டில் தேடினேன். பழைய கடன் படகோடு சேர்ந்து வந்துவிடும். அந்த இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் மொடல் வருடத்தைச் சொல்லும். விளம்பரத்தில் போட்ட வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் படகு ஓட்டுவதற்கான அட்டையை அதற்கு முன்பே இணையத்தில் பரீட்சை எழுதி எடுத்திருந்தேன்.

வசந்தத்தில் வேலை தொடங்கியது. வெளிக்காலுக்கும் படகுக்கும் இடையில் ஆர்மோனியத் துருத்திபோல மடிந்த ரப்பர் உறைகள் இருக்கும். அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் படகு கட்டிய இடத்திலேயே தாழும். அதனால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் புதிதாகப் போட்டோம். வெளிக்காலைக் கழற்றிய கையோடு உள்ளே இருக்கும் பெரிய பெயரிங்கையும் மாற்றினோம், கூலி ஒன்றுதானே. தண்ணீர் இறைக்கும் ரப்பர் சில்லும் புதிது. துருவைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றுகிற கட்டிகள் நன்னீருக்கு மக்னீசியமாக இருக்க வேண்டும், கடலுக்குத்தான் துத்தநாகம்.

ஸ்ராட்டர் மோட்டர் பலவீனமாக இருந்தது. கார்க் கடையில் அதே அளவில் பாதி விலைக்கு ஒன்று கிடைக்கிறது. அதைப் போடக் கூடாது. காரில் பெற்றோல் ஆவி காற்றோடு போய்விடும். படகில் அது காற்றை விடக் கனமானதால் எஞ்சின் அறையின் அடியில் தேங்கி நிற்கும். படகுக்கான ஸ்ராட்டரில் பொறி வெளியே வராதபடி அடைத்திருப்பார்கள். எஞ்சினை ஸ்ராட் செய்யும் முன் காற்று ஊதியை நாலு நிமிடம் ஓட விடுவதும் அதனால்தான். என் பிள்ளைகள் அந்த நாலு நிமிடத்தை மணிக்கூடு பார்த்துச் சொல்வார்கள்.

முன்தளத்தை நானே திருத்தினேன். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். மேல் பைபர்கிளாஸ் தோலை ஒரு மூடிபோல வெட்டி எடுத்து, கறுத்துப்போன பல்சாவைச் சுரண்டி, இரண்டு கிழமை காய விட்டு, புதுத் துண்டுகளை எபொக்சியில் பதித்து, மூடியை மேலே ஒட்டி, விளிம்புகளில் பைபர்கிளாஸ் துணி வைத்துத் தேய்த்தேன். நிறம் முழுதாகப் பொருந்தவில்லை, பொருந்தவும் வேண்டாம். அதைவிட முக்கியம், தண்ணீர் வந்த வழியை அடைப்பது. கைப்பிடிக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர் புகாத பியூற்றில் ரப்பர் நாடா சுற்றித் திரும்பப் பூட்டினேன். ஒவ்வொரு திருகாணிக்கும் உள்ளே ஒரு ஆள் சாவியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அந்த ஆள் என் மனைவி.

கபினுக்குள் ஒரு நாற்றம். கழிவுத் தாங்கியைக் கழுவியும் போகவில்லை. படகுகள் கட்டி நிற்கும் மரீனாவில் பக்கத்துப் படகுக்காரர் ஒரு வழி சொன்னார்: சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறிய பிறகு துணியை மணந்து பார். துணி மணத்தது. ரப்பரே நாற்றத்தை உறிஞ்சிவிட்டது, குழாயை மாற்றினால்தான் தீரும். மாற்றினோம், தீர்ந்தது. ஒன்ராறியோ ஏரிகளில் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது. தாங்கி நிறைந்தால் மரீனாவில் காசு கொடுத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

படகு சிம்கோ ஏரியின் தெற்கே குக்ஸ் குடாவில் நிற்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்பதுதான் காரணம். குடாவில் களை அதிகம். வெளிக்காலின் தண்ணீர்த் துவாரத்தில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் சூடேறும், அதனால் ஒரு கண் வெப்பமானியில் இருக்க வேண்டும். வடகாற்று எழும்பினால் ஏரியின் முழு நீளமும் அலையைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டும். அந்த நாட்களில் கட்டிய இடத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். அதுவும் விடுமுறைதான்.

வெளியில் நங்கூரம் போட்டுத் தங்கும்போது கயிற்றில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. 3 மீற்றர் ஆழம், படகின் முன்பக்க உயரம் 1 மீற்றர், மொத்தம் 4. அதன் ஏழு மடங்கு, 28 மீற்றர் விடுகிறேன். அவ்வளவு விட்டால்தான் கயிறு சாய்ந்து, நங்கூரம் நிலத்தைக் கவ்வும். கபினில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் வைக்க வேண்டும்: மெல்ல ஓடும்போது பின்பக்கப் புகை சுழன்று உள்ளே வரும், அதில் இருக்கும் இந்த நச்சு வாயு மூக்குக்குத் தெரியாது. பியர் பற்றிக் கேட்பவர்களுக்கு: நிரந்தரப் படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகில், அது நங்கூரத்திலோ கரையிலோ நிற்கும்போது மட்டும் குடிக்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது.

எரிபொருள் கணக்கு நான் நினைத்ததைவிடச் சுவாரசியம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 லீற்றர் அளவில் குடிக்கிறது. 10 கிலோமீற்றரில் எட்டு, ஒன்பது லீற்றர். தூரத்தால் வகுத்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் வார இறுதியில் எனக்கு வேண்டியது தூரம் இல்லை, தண்ணீரில் இருக்கிற நேரம். ஒரு பின்னேரம் முழுக்க மெல்ல ஓடினால் 30 லீற்றரில் முடிகிறது. மோசமான வேகம் இரண்டுக்கும் நடுவில், மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் தாழ்ந்து தண்ணீரை உழுகிற வேகம். மெல்ல ஓட்டினால் இந்த வகைப் படகு இடமும் வலமுமாக அலையும்; வெளிக்காலை முழுதாகக் கீழே இறக்கி, சுக்கானை அடிக்கடி திருப்பாமல் விட்டால் குறையும்.

மெல்லப் போகிறவருக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. ட்ரென்ற்–செவர்ன் நீர்வழி ஒன்ராறியோ ஏரிப் பக்கம் ட்ரென்ரனில் தொடங்கி ஜோர்ஜியன் குடாவில் போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர், சிம்கோ ஏரி அதன் வழியில். வெட்டு வாய்க்கால்களில் வேக எல்லையே 10 கிலோமீற்றர். ஓகஸ்டில் ஓரிலியா தாண்டி மேற்கே போனோம். தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகிற கதவுத் தொட்டிதான் லாக். அதன் முன்னால் நீலக்கோடு அடித்த சுவரில் கட்டிக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரில் தொங்கும் கறுப்புக் கம்பியைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை நழுவ விட வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் படகு சுவரில் தொங்கும்.

பிக் சூற் என்ற இடத்தில் லாக்கே இல்லை. தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய வண்டி ஒன்று தண்ணீருக்குள் இறங்கி, படகுகளைப் பட்டிகளில் தாங்கித் தூக்கி, வீதியைக் கடந்து மறுபக்கம் இறக்கி விடுகிறது. லாக் கட்டினால் பெரிய ஏரிகளிலிருந்து கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் உள்ளே ஏறிவிடும் என்பதால்தான் 1978இல் திறந்த புது வண்டியையும் தண்டவாளத்திலேயே வைத்தார்கள். மாமா பின்கதிரையில் இருந்தபடி கீழே போகிற கார்களைப் பார்த்து, “வள்ளத்தில ரோட்டைக் கடக்கிறது இதுதான் எனக்கு முதல் தடவை” என்றார்.

வருடச் செலவையும் சொல்ல வேண்டும். கோடைக் கட்டுமிடம் 2,500 டொலர் அளவில், காப்புறுதி சில நூறு, குளிர்கால நிறுத்தமும் பிளாஸ்டிக் சுற்றுவதும் 1,300, எரிபொருள் ஆயிரத்துக்குக் கிட்ட. திருத்தங்களுக்கென்று இன்னொரு 1,500ஐ முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறேன். முதல் வருடத்தில் அது போதவில்லை. ரப்பர் உறைகளும் பெயரிங்கும் அதைத் தனியாகவே விழுங்கின. படகின் விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கையில் இல்லாவிட்டால் இன்னும் மலிவான படகைப் பார்ப்பது நல்லது.

ஒக்ரோபரில் படகைத் தூக்கியாயிற்று. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். எஞ்சினுக்குள் ஒரு கோப்பை தண்ணீர் தங்கினாலே இரும்பு வெடித்துவிடும். வடிகால் துவாரங்களைத் திறந்தால் மட்டும் போதாது, துரு அடைத்திருக்கும், கம்பியால் குத்திப் பார்த்து, பிறகு இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். குடிநீர்க் குழாய்களுக்கும் அதே. இந்தக் குளிர்காலத்துக்கு மிச்சம் இருப்பது கபின் யன்னல்களின் ஒழுக்கும் படுக்கை மெத்தைகளும். அடுத்த கோடையில் கிழக்கே திரும்பி, பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு லாக் வரை போக எண்ணம். அதற்கு முன் மெக்கானிக்கிடம் பெப்ரவரியிலேயே நாள் கேட்டு வைக்க வேண்டும். ஏப்ரலில் கேட்டால் ஜூலையில்தான் வருவார்.