எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்

உடல் பருமனுள்ள பதின்பருவப் பிள்ளையை மனநல ஆலோசனைக்கு அழைத்துவரும் பெற்றோரில் பலர், "கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லுங்கள்" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அந்த ஒரு வரியிலேயே, பருமன் என்பது மன உறுதியற்றவர்களுக்கு வரும் கேடு என்ற தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. மரபணுக்கள், பசியையும் நிறைவையும் உணர்த்தும் ஹார்மோன்கள், தூக்கக் குறைவு, சில மருந்துகள், சுற்றிலும் மலிந்து கிடக்கும் உணவு எனப் பல காரணங்கள் சேர்ந்து உருவாக்கும் நாள்பட்ட நிலை இது. 2022இல் உலகெங்கும் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் சுமார் 16 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி குன்றிவிட்டது என்று யாரும் நம்பப்போவதில்லை.

ஆனால் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் பின்னாளில் கட்டுப்பாடிழந்து உண்ணும் பழக்கமும் எடை அதிகரிப்பும் கூடுதலாகக் காணப்படுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவமானத்தால் காலை உணவைத் தவிர்ப்பதும், மாலையில் பசி தாளாமல் கதவைச் சாத்திக்கொண்டு அளவுக்கு மீறி உண்பதும், அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுநாள் மீண்டும் பட்டினி கிடப்பதுமாக ஒரு சுழல் உருவாகிவிடுகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள உதவும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கைவைப்பது இந்தச் சுழலில்தான். அதில் எழுதச் சொல்லும் குறிப்பேடு கலோரிக் கணக்கு அன்று. எப்போது, எங்கே, எந்த மனநிலையில் உண்ண நேர்ந்தது என்பதே அதில் பதிவாகிறது. "ஒரு வேளை தவறிவிட்டது, இனி எல்லாம் போயிற்று" என்ற எண்ணத்தை அடையாளம் கண்டு கேள்விக்கு உட்படுத்தவும், வேளை தவறாமல் உண்ணவும் பிள்ளை மெல்லப் பழகுகிறது.

1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் மதுப் பழக்கச் சிகிச்சைக்காக முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையும் இங்கே பயன்படுகிறது. அறிவுரை சொல்லாமல், மாற்றத்துக்கான காரணத்தை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைப்பது அதன் போக்கு. பெற்றோர் நீரிழிவைச் சொல்லிப் பயமுறுத்திக்கொண்டிருக்க, பிள்ளைக்கோ மூச்சு வாங்காமல் ஓடி விளையாட வேண்டும் என்பதே ஆசையாக இருக்கலாம். (எந்த ஆசை அதிக நாள் தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.)

குடும்பம் மாறாமல் பிள்ளை மட்டும் மாற வேண்டும் என்பது நடக்காத காரியம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குடும்பத்தையும் உள்ளடக்கி, 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது நேரடிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. ஒரு தட்டை மட்டும் தனியாகப் பிரித்து வைக்காமல் வீட்டின் உணவு முறையையே மாற்றுவதும், உடலைப் பற்றிய விமர்சனத்தைப் பெற்றோர் நிறுத்துவதும் அதில் சேரும்.

இத்தகைய சிகிச்சையால் மட்டும் குறையும் எடை பெரும்பாலும் சிறிதே. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று கருதுகிறேன். தேவைப்படுவோருக்கு மருந்துகளும் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. உணவைக் குறித்துப் பேசுவதே உண்ணல் கோளாறை வரவழைத்துவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. தாமாகவே மேற்கொள்ளும் கடும் பட்டினியால் அந்த ஆபத்து கூடுகிறது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சையிலோ அதன் அறிகுறிகள் பொதுவாகக் குறையவே செய்கின்றன. இருப்பினும், உண்டதை வாந்தியெடுப்பது, உணவை ஒளித்து வைப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், எடை குறித்த திட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.