ராத்திரிக்கு ஒரு செட்டிங், மத்தியானத்துக்கு ஒரு செட்டிங்

சிவதாபுரத்தில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு மேலே தகர ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் கீழே வெள்ளிக் கணக்கு எழுதுவேன். ராத்திரி சாப்பிட்டதும் மாடியேறி, கண்ணை மூடிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பின்பால் ஆடுவேன். சாய்ந்த மேசையில் இரும்புக் குண்டை அடித்து ஓடவிடுவோமே, அந்த ஆட்டம்தான். இந்த வயசில் என்ன ஆட்டம் என்று வீட்டில் கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மெயில் பார்க்காமல், விண்டோஸோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் ஆடிய கூட்டம் நாங்கள்.

பெங்களூரில் இருக்கும் மச்சான் புது ஹெட்செட் வாங்கியதால் அவனுடைய பழைய ஹெட்செட் குவெஸ்ட் 2 என்னிடம் வந்தது. பின்பால் மேசையைக் கம்ப்யூட்டரில் ஆடவைக்கும் விஷுவல் பின்பால் மென்பொருள் இலவசம். கம்ப்யூட்டரில் 6 ஜிபி மெமரியோடு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. போதாதா?

முதல் நாள் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். வெள்ளிக்காரன் கண் வேறு, பந்து மெருகு போட்ட மாதிரி மின்ன வேண்டும் என்று ஆசை. மேசையில் விளக்கு பிரதிபலிக்க வேண்டும், பந்து முட்டித் திரும்பும் பம்பருக்கு அடியில் நிழல் விழ வேண்டும், ரெசல்யூஷன் 150 சதவீதம். சும்மா நின்று பார்க்கும்வரை சொக்கிப்போனேன். பந்தை ஏவும் பிளஞ்சரை இழுத்து விட்டதுதான் தாமதம், பந்து இரண்டாகத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் வயிற்றைப் புரட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஏறி, இறங்கியதும் போண்டா தின்றவன் நான். சொந்த வீட்டு மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரணம் புரிய இரண்டு வாரம் ஆனது. ஹெட்செட்டை 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் என்று வைத்தால் ஒவ்வொரு படத்தையும் வரைய கார்டுக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். அதற்குள் முடியாவிட்டால் நொடிக்கு 45 படம்தான் உண்மையில் வரையப்படும். நடுவில் வரும் படத்தை, முந்தைய அசைவைப் பார்த்து மென்பொருளே ஊகித்து நிரப்பிவிடும். மெதுவாகத் திரும்பிப் பார்க்கும் ஆட்டங்களில் இது கண்ணுக்கே தெரியாது. பின்பால் கதை வேறு. நிஜ மேசையில் பந்து 27 மில்லிமீட்டர் அகலம், 80 கிராம் எடை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 33 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், அதாவது தன் அகலத்தைவிட அதிகம். 45 படம் என்றால் 67 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் பந்து பம்பரில் பட்டுத் திரும்பியிருந்தாலும், ஊகம் அதை நேராகவே அனுப்பும். நான் பார்த்த இரண்டாவது பந்து அந்த ஊகப் பந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், மென்பொருள் பந்தின் கணக்கை நொடிக்கு 1000 தடவை சரியாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பேரேடு சுத்தம். என் கண்ணுக்கு வரும் ரசீதில்தான் தப்பு.

சரி, எதையெல்லாம் குறைத்தேன்? முதலில் அந்தத் திரைவழிப் பிரதிபலிப்பு. திரையில் ஏற்கனவே இருப்பதை மட்டும் வைத்து வேலை செய்கிற வித்தை அது. குனிந்து மேசையை எட்டிப் பார்த்தால் ஓரங்களில் பிய்ந்துபோகும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் என்பதால் பிய்வதும் தனித்தனியாகப் பிய்ந்து கண்ணை உறுத்தும். இத்தனை விலை கொடுத்து இந்தக் கோளாறை எதற்கு வாங்க வேண்டும்? அடுத்து ஆம்பியன்ட் அக்லூஷன். மூலைகளில் மெல்லிய இருட்டு விழவைக்கிற வேலை, பந்து ஓடும்போது அதை யார் பார்க்கிறார்கள்? ரெசல்யூஷனை 100 சதவீதத்துக்கு இறக்கினேன். குவெஸ்ட் 2-இல் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளிகள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம். சாதாரண ஃபுல் எச்டி டிவியில் 20 லட்சம்தான். இதற்கு மேலும் 150 கேட்டது என் பேராசை.

குறைக்காமல் விட்டது இரண்டு. ஒன்று, அனிசோட்ரோபிக் ஃபில்டரிங். 42 அங்குல நீள மேசையை நாம் சாய்வாகத்தான் பார்க்கிறோம், தூரத்து எழுத்துகள் கலங்கிவிடும். 16-இல் வைத்தால் தெளிகிறது, செலவும் சொற்பம். இரண்டு, விளிம்புகளின் பிசிறை நீக்கும் எம்எஸ்ஏஏ 4 மடங்கு. இல்லாவிட்டால் பந்து ஏறி ஓடும் கம்பி ராம்ப்புகள் எறும்பு ஊர்கிற மாதிரி மினுமினுக்கும். இன்னொன்று, ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு வைஃபையில் இணைத்து ஆடாதீர்கள். படத்தைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள், பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் பொத்தானுக்கும் கண்ணுக்கும் நடுவே தாமதம் விழும். கேபிள் காலில் சிக்கினாலும் பரவாயில்லை.

பெரியப்பா ஒருநாள் மேலே வந்தார். நாற்பது வருஷம் வெள்ளியைப் பார்த்த கண். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். ஆடவேயில்லை, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா கண்ணு, இது உருளுதா, வழுக்கிட்டுப் போகுதா?"

"உருளுது பெரியப்பா."

"எனக்குத் தெரியலியே. கீறலே இல்லாத உருண்டை உருண்டாலும் எப்படித் தெரியும்?"

எனக்குப் பளிச்சென்று இருந்தது. குறையே இல்லாத கண்ணாடி உருண்டையில் சுற்றியிருப்பதுதான் தெரியும், சுழற்சி தெரியாது. செட்டிங்கில் தேடினால் பந்துக்கு மேல் கீறல் படம் ஒட்ட ஒரு இடம் இருக்கிறது. ஒட்டினேன். பந்து அழுக்கானது, ஆனால் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இப்போது தெரிகிறது. கார்டுக்கு அதனால் சுமை கூடியதாகவே தெரியவில்லை.

இத்தனையும் செய்து முடித்த செட்டிங், சித்திரை மாத ஞாயிறு மத்தியானம் மறுபடி சொதப்பியது. அதே மேசை, அதே பந்து, மறுபடி இரட்டைப் பந்து. சேலத்து வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்? கார்டு 80 டிகிரியைத் தாண்டியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ராத்திரி 9 மில்லி செகண்டில் முடித்த வேலைக்கு மத்தியானம் 12 எடுக்கிறது. ஆகவே மத்தியானத்துக்குத் தனியாக ஒன்று: 72 ஹெர்ட்ஸ், 13.9 மில்லி செகண்ட் அவகாசம், ரெசல்யூஷன் 80 சதவீதம், எம்எஸ்ஏஏ பாதி. கூடவே கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன். கம்ப்யூட்டரை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் மழை பெய்து ஷீட் குளிர்ந்திருந்தது. ஆசை விடவில்லை, பெரியப்பா ஆடும்போது சொல்லாமல் அந்தப் பிரதிபலிப்பை ஆன் செய்துவிட்டேன். இரண்டாவது தடவை பந்தைத் தவறவிட்டதும் ஹெட்செட்டை நெற்றிக்குத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"என்னமோ பண்ணிட்டே. எடுத்துரு."