லாட் எண்ணைப் படித்துச் சொல்லும் வேலை

கைவினைப் பொருள்களுக்கென்றே பல கிளைகளை நடத்தும் ஒரு நிறுவனத்தின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாள் முழுவதும் நூலுக்கும் வண்ணங்களுக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று கேட்பவர்கள் சொல்வதுண்டு. இனிமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பல வாரங்கள் உழைத்துச் செய்யப்போகும் பொருள் வீணாகாமல் இருக்க, அவர் வாங்கும் நேரத்திலேயே கவனிக்க வேண்டியதைக் கவனித்துச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். அதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சேர்ந்த முதல் மாதத்தில், போர்வை பின்னுவதற்காக ஒரு பெண்மணி சாம்பல் நிறக் கம்பளி நூல் பத்துக் கண்டு கேட்டார். ரேக்கில் எட்டுதான் இருந்தன. ஸ்டாக் அறையில் தேடி மேலும் இரண்டு கண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். கம்பளி நூலின் லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே தடவையில் சேர்ந்து சாயம் ஏற்றப்பட்ட நூல்களுக்கு மட்டுமே அது ஒன்றாக இருக்கும். அதைத்தான் லாட் எண் என்கிறோம். நிற எண் ஒன்றாகவே இருந்தாலும் லாட் மாறினால் சாயத்தில் மிக நுண்ணிய வேறுபாடு வந்துவிடக்கூடும். கண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்கூடக் கண்ணுக்குப் படாத அந்த வேறுபாடு, பின்னி விரித்த பிறகு கோடு போட்டதுபோல் தெரியும். இரண்டு மாதம் கழித்து அவர் போர்வையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தபோது, கடைசிப் பகுதி வேறொரு போர்வையிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "இதைச் சரிசெய்ய ஏதாவது வழி இருக்கிறதா, அம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு லாட் நூல்களையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்து முதல் நாளே சொல்லியிருந்தால், அவருடைய இரண்டு மாத உழைப்பு அப்படி ஆகியிருக்காது. அந்தப் போர்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

துணி வெட்டும் மேசையிலும் இதே பொறுப்புத்தான், இன்னும் கடுமையாக. நூல்கண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வெட்டிய துணியை எங்கள் கடையில் திருப்பி வாங்குவதில்லை. ஆகவே கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் அளவை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, அவர் தலையசைப்பதைப் பார்த்த பிறகே வெட்டுவேன். 44 அங்குல அகலத் துணிக்குக் கணக்குப் போட்டு வந்தவர் 58 அங்குல அகலத் துணியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவருக்கு அவ்வளவு நீளம் தேவைப்படாமல் போகலாம்; அதைச் சொல்லாமல் வெட்டிக் கொடுப்பது விற்பனைக்கு நல்லது, ஆனால் எனக்கு மனம் வராது. வெல்வெட்டுக்கு நேர்மாறான சிக்கல். அதன் மயிர்ப் பரப்பை மேலிருந்து கீழே தடவினால் ஒரு நிறமாகவும் கீழிருந்து மேலே தடவினால் சற்று வேறு நிறமாகவும் தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டியிருப்பதால் துணி கூடுதலாகத் தேவைப்படும். இதை வாயால் விளக்குவதைவிட, வாங்குபவரின் கையைத் துணிமேல் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்வது எளிது.

ஒரு நாளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி பசையைப் பற்றியது. எதனோடு எதை ஒட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வெள்ளைப் பசை தன்னிடமுள்ள நீர் வெளியேறுவதால்தான் இறுகுகிறது. காகிதமோ மரமோ துணியோ என்றால் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடியையும் உலோகத்தையும் அதைக் கொண்டு ஒட்டினால் நிற்காது. குறுக்குத் தையலுக்கு, கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணி வாங்க வருபவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவதும் எனக்குப் பிடித்த வேலை. 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். 140 தையல் அகலமுள்ள படம் அதில் 10 அங்குலம் வரும். சட்டம் போடுவதற்குப் பக்கத்துக்கு 3 அங்குலம் விட்டால் 16 அங்குலத் துணி வேண்டும். அதே படம் 18 கவுண்ட் துணியில் 8 அங்குலத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

சரக்கு இறக்குவது, பெட்டி பிரிப்பது, தலைமை அலுவலகம் அனுப்பும் வரைபடத்தின்படி அடுக்குகளை மாற்றி அமைப்பது ஆகியவற்றில்தான் உடல் வலி முழுவதும் இருக்கிறது. பண்டிகைக்குச் செய்பவர்கள் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், எங்களுக்கு அந்தப் பருவம் ஊருக்கு வருவதற்கு வெகு முன்பே வந்து போய்விடும். ஜிகினாத் தூள் எப்போதும் உடையிலும் முடியிலும் இருக்கும். இவற்றைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் குறை வேறு. இத்தனை விற்பனைக்கு இத்தனை மணி நேர ஆள் என்று கணக்கிட்டே ஷிப்ட் போடுகிறார்கள். விலை குறைந்த ஒரே ஒரு நூல்கட்டை வாங்குபவரிடம் இருபது நிமிடம் பேச வேண்டியிருக்கும் என்பது அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஆகவே வார நாள்களில் கேஷ் கவுண்டருக்கு ஒருவர், மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவர். துணி மேசையில் உதவிக்கு ஆளை அழைக்கும் மணி அடிக்கும்; அதே நேரத்தில் படச் சட்டப் பிரிவிலும் மணி அடிக்கும். விளக்கம் சொல்லத் தெரிந்தவர்கள் களைத்துப்போய் வேலையை விட்டுப் போகிறார்கள். புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இது தவறு என்று மேனேஜரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் மேலே சொல்லியிருக்கிறார்.

சென்ற ஆண்டு அப்படி ஆள் குறைந்த ஒரு நாளில், தம் தாயார் இளம் வயதில் பூவேலை செய்த தலையணை உறையுடன் ஒருவர் வந்தார். ஓர் இதழில் தையல் தேய்ந்து பிரிந்திருந்தது. நூலின் எண் எழுதிய பழைய லேபிளையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அந்த எண் நூலை எடுத்து வைத்தால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. உறையில் இருப்பதோ பல ஆண்டுகள் துவைத்து மங்கிய நிறம். கடை விளக்கில் பொருந்துவது பகலில் பொருந்தாமல் போகலாம் என்பதால், அவரை வாசலுக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு நூலாக வைத்துப் பார்த்தோம். எதுவும் சேரவில்லை. பிறகுதான் தோன்றியது: எம்பிராய்டரி நூல் ஆறு இழைகளால் ஆனது, அந்த உறையோ இரண்டு இழைகளால் தைத்தது. சற்று வெளிறிய ஒரு நிறத்திலிருந்து ஓர் இழை, பழுப்புச் சாயலுள்ள ஒரு நிறத்திலிருந்து ஓர் இழை என இரண்டையும் சேர்த்து முறுக்கி இதழின்மேல் வைத்தேன். எது பழையது, எது புதியது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் வாங்கியது இரண்டே நூல்கட்டுகள். துணி மேசையில் நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கம்பளி நூல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பில்லின் பின்பக்கத்தில் லாட் எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். சில வாரங்களுக்கு முன் ஒருவர் அப்படிப்பட்ட பில்லைக் கொண்டுவந்து, சட்டையின் ஒரு கைக்கு மட்டும் நூல் போதவில்லை என்றார். எங்களிடம் அந்த லாட் தீர்ந்துவிட்டிருந்தது. எந்தக் கிளையில் எந்த நிறம் உள்ளது என்பது கணினியில் தெரியும். லாட் எண் தெரியாது, அதற்கு ஒருவர் ரேக்குக்குப் போய் ஒவ்வொரு கண்டாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக அழைத்த கிளையில், நான் நேரில் பார்த்தே இராத ஒரு பெண், "இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அங்கும் எங்கோ மணி அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. சில நிமிடங்களில் திரும்பி வந்து லாட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். நான் பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கடைசி இலக்கமும் பொருந்தியது.